எட்டு மாதப் பிள்ளை, லயத்து வீடு, கரட்: எங்கே பிழை விட்டோம்?

கொட்டகலை_டீச்சர்
திங்கள் இரவு 9.50

மகளுக்கு எட்டு மாதம். அரைச் சம்பள லீவும் முடிந்து போன மாதம் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டேன். பகலில் மாமிதான் பார்த்துக்கொள்கிறார். இருப்பது பழைய லயத்து வீடு, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), நடுவில் காம்பரா, பின்னால் இறக்கிக் கட்டிய குசினி. இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு மூன்று படி, படிக்குக் கீழே தண்ணி ஓடும் கான். பிள்ளை தவழத் தொடங்கும்வரை இந்த வீட்டில் இத்தனை மேடு பள்ளம் இருப்பது என் கண்ணில் படவே இல்லை.

இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் ஆடிய கூத்தைச் சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டு வழி சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் சோறு கொடுத்தோம், துப்பினாள். பருப்புக்கும் அதே கதி. ஒரு நாள் கரட் அவித்து மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன், கரண்டியையும் சேர்த்து விழுங்கப் பார்த்தாள். இந்தப் பக்கத்தில் கரட்டுக்கு என்ன பஞ்சம்? காலையில் கரட், பகலில் கரட்டும் பூசணியும், பின்னேரம் மறுபடியும் கரட் என்று ஆறு வாரம் ஓடியது. போன வெள்ளிக்கிழமை மாமி பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் "ஐயோ, மஞ்சக்காமாலை" என்று சத்தம் போட்டார். மூக்கு நுனி, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். அப்புறம் "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். காமாலை என்றால் கண்ணும் மஞ்சளாகும், இது கரட்டிலும் பூசணியிலும் இருக்கும் கரோட்டின் தோலில் படிந்தது, கொஞ்ச நாள் குறைத்துக் கொடுத்தால் தானாகப் போய்விடும் என்றார். வரும்வழியில் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

வீட்டுக் கதை இதைவிட மோசம். மேசை முனைகளுக்கு, டிவி வந்த பெட்டியிலிருந்த ரெஜிபோமை வெட்டி டேப் சுற்றி ஒட்டினேன். மறுநாளே கடித்துப் பிய்த்துவிட்டாள். மாமி வாய்க்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிளக் பொயின்ட்டுகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் மூடி ஒரு பெட்டி ஒன்லைனில் வாங்கி எல்லாவற்றிலும் செருகி வைத்திருக்கிறோம். அது ஒன்றுதான் உருப்படியாகச் செய்தது.

இப்போது கேள்வி. இஸ்தோப்புப் படிக்கு என்ன செய்யலாம்? விறகடுப்புப் பக்கம் போகாமல் எப்படித் தடுப்பது? (கேஸ் இருக்கிறது, ஆனால் மாமிக்கு மிலாறு எரித்துச் சமைத்தால்தான் சோறு சோறாக இருக்குமாம்.) கரட்டை நிறுத்தியதிலிருந்து எதற்கும் வாய் திறக்கிறாள் இல்லை.

இன்னொன்று. பகலில் மாமி அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறார் என்று சந்தேகம். பால் போத்தலின் அடியில் சாயம் பிடித்திருக்கிறது. எப்படிக் கேட்பது?


மஸ்கெலியா_மூன்று_பிள்ளை
திங்கள் இரவு 10.20

தங்கச்சி, மூக்கு மஞ்சளானதற்கு ஓட்டோக் காசோடு போயிற்று. என் இரண்டாவது மகன் ஒரு நாள் நப்கினில் சிவப்பாகப் போனான். ரத்தம் என்று நினைத்து நான் அழுதுகொண்டே அந்த நப்கினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல்நாள் பீட்ரூட் கொடுத்தது ஆஸ்பத்திரி வாசலில்தான் ஞாபகம் வந்தது. உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். வாழைப்பழம் கொடுத்தால் கறுப்பு நூல் மாதிரி வரும், புழு என்று பயந்துவிடாதே.

மூத்தவளுக்கு எல்லாம் புத்தகப்படி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரக்கறி அவித்து, மசித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டி கட்டியாகப் பையில் போட்டு, பையில் தேதி எழுதி ஒட்டி, பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கும். கட்டி எல்லாம் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி… மூன்றாம் நாள் மொத்தத்தையும் கோழிக்குக் கொட்டினேன். கேஸும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் சட்டியில் வேகிறதுதான் பிள்ளைக்கும். உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன்னால் ஒரு அகப்பை எடுத்து வைத்துவிடுவேன். அடுத்த இரண்டும் அப்படித்தான் வளர்ந்தன. உன் வேலையும் பாதியாகக் குறையும்.

வோக்கர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. மூத்தவள் வோக்கரோடு இஸ்தோப்பிலிருந்து பறந்தாள். நான் கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன், பிடிக்க முடியவில்லை, அந்த வேகம். புருவத்தில் ஐந்து தையல். கனடாவில் 2004 முதல் அதை விற்பதற்கே தடை என்று பிறகுதான் அறிந்தேன். இங்கே பிறந்தநாள் பரிசு.


டிக்கோயா_வயர்மேன்
செவ்வாய் காலை 6.15

டீச்சர், உருப்படியாகச் செய்தது என்று சொன்னீர்களே, அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

13 ஆம்பியர் சதுரப் பின் பொயின்ட்டுக்கு உள்ளேயே ஒரு மூடி இருக்கிறது. மேலே உள்ள நீளப் பின் உள்ளே போனால்தான் கீழ் ஓட்டை இரண்டும் திறக்கும். நீங்கள் வாங்கிய பிளாஸ்டிக்கிலும் அந்த மேல் பின் இருக்கும், பாருங்கள். அப்படியென்றால் மூடுகிறேன் என்று சொல்லி உள்மூடியைத் திறந்து வைக்கிறீர்கள். பிள்ளை அதைப் பிடுங்கித் தலைகீழாகச் செருகினால், மேல் பின் உள்ளே, கரண்ட் ஓட்டை இரண்டும் வெளியே. இங்கிலாந்தில் 2016இல் சுகாதாரத் திணைக்களமே ஆஸ்பத்திரிகளில் இந்த மூடிகளைப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. இந்தப் பொயின்ட்டை உண்டாக்கிய நாடே அதுதான்.

பயப்பட வேண்டியது பழைய உருண்டைப் பின் பொயின்ட்டுக்கு. லயத்து வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது. பலவற்றில் உள்மூடி இல்லை, அதைக் கழற்றிச் சதுரப் பின் போடுங்கள். ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்துவது) இருக்கிறதா? 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதிலுள்ள சின்ன டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது சும்மா சுவரில் தொங்குகிற பெட்டி. நிலத்தில் கிடக்கும் எக்ஸ்டென்ஷனை அலுமாரிக்குப் பின்னால் தள்ளுங்கள்.

படிக்கு அரைக்கதவுதான். ஆனால் நான் செய்தது போலச் செய்யாதீர்கள். முதல் கதவுக்குக் குறுக்காகச் சட்டம் அடித்தேன். பத்து மாதத்தில் மகன் அதை ஏணியாக்கி ஏறிவிட்டான். பிடுங்கிவிட்டு நெடுக்காக அடித்தேன், பலகை மிச்சம் பிடிக்க இடைவெளி அகலமாக விட்டேன். உடம்பு போய் தலை மாட்டிக்கொண்டது. சவர்க்காரம் பூசித்தான் எடுத்தோம். மூன்றாவது கதவில் இடைவெளி ஆறு சென்றிமீற்றருக்கு மேல் இல்லை, கொளுக்கி வெளிப்பக்கம், பெரியவர்களின் மார்பு உயரத்தில். கிரேவிலியாப் பலகை போதும். முழுக்க உரஞ்சி வழுவழுப்பாக்குங்கள், பிள்ளை அதைக் கடிக்கத்தான் போகிறது.

மேசை முனைக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி அடியில் ஆணி அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கு மேசையை வெளியே போடுங்கள்.


கொழும்பில்_ஒரு_ஹட்டன்காரி
செவ்வாய் காலை 8.40

மசிக்கிற வேலையே வேண்டாம். எட்டு மாதப் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடும். விரல் நீளத்துக்கு அவித்த கரட், போஞ்சி, பூசணி, அவகாடோத் துண்டு முன்னால் வையுங்கள். இரண்டு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படித்தான் செய்கிறேன். மகன் இப்போது புரோக்கோலியைப் பூங்கொத்து மாதிரிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறான். மிக்ஸியில் அடித்துக் கொடுத்துப் பழக்கினால் கட்டி தட்டுப்பட்டதும் துப்பத்தான் செய்யும்.


மஸ்கெலியா_மூன்று_பிள்ளை
செவ்வாய் காலை 9.05

கொழும்பு அக்கா, பூங்கொத்து நல்லாத்தான் இருக்கும். தரையில் விழுவது பாதி, பூனைக்குப் பாதி. பிள்ளைக்கு எவ்வளவு போனது என்று யார் கணக்குப் பார்ப்பது? எங்கள் பக்கத்தில் கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு கொஞ்சம் படுத்தாலே மருத்துவிச்சி மிஸ்ஸி வீட்டுக்கு வந்துவிடுவார்.


கொழும்பில்_ஒரு_ஹட்டன்காரி
செவ்வாய் காலை 9.30

சரி, பூனைக்குப் போவது உண்மைதான். சோறு பருப்பு நானும் ஊட்டுகிறேன். பகலில் மட்டும் துண்டு.


பெரிய_மிஸ்ஸி
செவ்வாய் இரவு 8.10

முப்பது வருடம் குடும்பநல மருத்துவிச்சியாகத் தோட்டம் தோட்டமாக நடந்தவள், இப்போது பென்ஷன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளே, முதலில் அந்த ரெஜிபோம். மாமி விரல் விட்டு எடுத்தது அதிர்ஷ்டம். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாமல் விரலை விட்டால் உள்ளே தள்ளிவிடும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை மூச்சு முட்டினால், முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்வாக வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வரும்வரை மாறி மாறி. பக்கத்தில் இருப்பவர் 1990க்கு எடுக்க வேண்டும், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இருமினால், சத்தம் வந்தால், முகம் சிவந்தால் விடுங்கள், அது தானே வெளியே தள்ளும். சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தால்தான் ஆபத்து. இதை மாமிக்கும் ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டு. பகலில் வீட்டில் இருப்பது அவர்தானே.

அடுத்தது சாப்பாடு. கரட்டில் பிள்ளைக்குப் பிடித்தது இனிப்பு. மிக்ஸியில் அடித்ததால் மெல்ல வேண்டிய வேலையும் இல்லை. நாங்கள் கிளினிக்கில் எப்போதும் சொல்வது, மிக்ஸி வேண்டாம், கரண்டியால் அல்லது கையால் மசி என்பதுதான். கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிலர் பருப்புத் தண்ணி, சோற்றுக் கஞ்சித் தண்ணி என்று கொடுத்துவிட்டு பிள்ளை நிறை ஏறவில்லை என்பார்கள். வயிறு சின்னது, அதைத் தண்ணியால் நிரப்பினால் சத்துக்கு எங்கே இடம்? பருப்பையே கொடு. மேலே அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய் விடு. ஒரு புதுச் சாப்பாட்டைப் பத்துத் தடவையாவது காட்டாமல் பிள்ளைக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டாதே.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கீழ்நாட்டில் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொட்டகலை அதைவிடக் கீழே, ஆனாலும் அங்கேயும் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடும். கொழும்புக்காரர் சமையல் குறிப்பில் இருபது நிமிடம் என்று இருந்தால் உங்கள் கடலையும் பயறும் பாதிதான் வெந்திருக்கும். மகள் பருப்பைத் துப்பியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இரவே ஊறவை, குக்கரில் போடு.

இனி அந்தத் தேத்தண்ணி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறக்கும்போது பிள்ளை உடம்பில் கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீரத் தொடங்கும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். தேயிலையில் இருக்கும் தனின் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பருப்பு, கீரை கொடுத்துவிட்டு மேலே தேத்தண்ணி கொடுத்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த மாதிரி. அதிலும் சீனி போட்டுக் கொடுத்தால் பசியும் செத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை கோழி ஈரல் சின்னத் துண்டு, முட்டை, மீன் மசித்துக் கொடு. கீரை, பருப்பு கொடுக்கும் நாளில் மேலே இரண்டு சொட்டுத் தேசிக்காய், இல்லாவிட்டால் கொஞ்சம் பப்பாசி அல்லது கொய்யா. இவற்றில் இருக்கும் விற்றமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். ஒரு வயதுவரை உப்பு, சீனி, தேன் மூன்றும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமியால் சின்னப் பிள்ளைகளுக்குக் கடுமையான நோய் வரும், காய்ச்சினாலும் அந்தக் கிருமி சாகாது. நாக்கில் தேன் தடவுகிற அப்பாயிமாருக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது.


லிந்துலை_தாத்தா
புதன் காலை 7.00

மிஸ்ஸி சொன்னால் சரிதான். ஆனால் எங்களை எல்லாம் தேத்தண்ணியில் ரொட்டியை ஊறவைத்துத்தான் வளர்த்தார்கள். நாங்கள் கொழுந்து மூட்டை தூக்கவில்லையா? அறுபத்தெட்டு வயதில் இன்னும் மலை ஏறி இறங்குகிறேன்.


மஸ்கெலியா_மூன்று_பிள்ளை
புதன் காலை 7.40

தாத்தா, நீங்கள் ஏறி இறங்குகிறீர்கள். உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாமா? என் அம்மாச்சி எட்டுப் பெற்றவர். ஐந்துதான் மிஞ்சியது. மிஞ்சிய ஐந்தும் தேத்தண்ணி குடித்துத்தான் வளர்ந்தது.


லிந்துலை_தாத்தா
புதன் காலை 11.15

நாங்கள் ஒன்பது. இப்போது இருப்பது நான்கு. இரண்டு பேர் தொட்டிலிலேயே போனார்கள்.

நீ சொல்வது விளங்குகிறது பிள்ளை. பேரனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறேன்.


நுவரெலியா_குளிர்காரன்
புதன் மதியம் 1.00

இடையில் ஒரு கேள்வி. ஜனவரியில் இங்கே இரவு விறைத்துப் போகும். அறையில் கரிச்சட்டி வைப்போம். பிள்ளைக்கு எட்டாமல் உயரமான ஸ்டூலில் வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் நல்லாச் சாத்திவிடுவோம். அது பாதுகாப்புத்தானே?


பெரிய_மிஸ்ஸி
புதன் மதியம் 1.25

இல்லை! இன்றைக்கே நிறுத்துங்கள். உயரத்தில் வைத்தால் கை சுடாது, ஆனால் கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் எல்லாரும் தூக்கத்திலேயே போய்விடுவீர்கள். குளிருக்குப் பிள்ளைக்கு இன்னொரு சட்டை, தொப்பி, காலுறை. தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள், முகத்தில் இறங்கும்.


வெலிமடை_மரக்கறி
புதன் இரவு 7.30

நான் கரட், லீக்ஸ், போஞ்சி போடுபவன். ஒளிக்காமல் சொல்கிறேன், மருந்து அடிக்காமல் இங்கே யாரும் விளைவிப்பதில்லை. அடித்துவிட்டு எத்தனை நாள் கழித்துப் பிடுங்க வேண்டும் என்று போத்தலில் இருக்கும். விலை ஏறுகிற வாரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? பிள்ளைக்கு வாங்கினால் ஓடுகிற தண்ணியில் நல்லாத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவி, கோவா என்றால் வெளி இலை இரண்டு மூன்றைக் கழித்துவிட்டுச் சமையுங்கள். முடிந்தால் வாசலில் நாலு பொன்னாங்காணி, ஒரு பூசணிக் கொடி போடுங்கள். லயத்து வாசலில் அதற்கு இடம் இருக்கும்.

நான் எழுத வந்தது வேறு. போன வருடம் என் மகன் (ஒன்றரை வயது) சோடாப் போத்தலைத் திறந்து குடித்தான். உள்ளே மண்ணெண்ணெய். ஊற்றி வைத்தது நான்தான். மனைவி பயத்தில் தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கப் போனாள். பக்கத்து வீட்டு அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். வாந்தி எடுத்தால் மண்ணெண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடுமாம். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாலு நாள் வார்டில். தப்பிவிட்டான். இப்போது மருந்தும் மண்ணெண்ணெயும் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில், வீட்டுக்கு வெளியே. குடிக்கிற போத்தலில் குடிக்காத எதையும் ஊற்றுவதில்லை.


டிக்கோயா_வயர்மேன்
புதன் இரவு 8.00

அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டிலும் குசினி மூலையில் ஒரு போத்தல் இருக்கிறது. இப்போதே எழும்பிப் போகிறேன்.


பிள்ளைக்காம்பரா_ஆயம்மா
வியாழன் இரவு 9.00

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினெட்டு வருடமாக ஆயம்மா. இப்போது போர்டில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கிறது, கூப்பிடுவது பிள்ளைக்காம்பரா என்றுதான். இன்றைக்கு என்னிடம் பதினான்கு பிள்ளைகள். ஐந்து பேர் தவழ்கிறார்கள். பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள்.

டீச்சர், வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும் என்றால் நீங்கள் நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. நான்கு காலில் போய்ப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய மிஸ்ஸி ஒருவர் என்னைச் சேலையோடு முட்டி போடவைத்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் கட்டிலுக்கு அடியில் ஊக்கு, ஐந்து ரூபாய்க் குற்றி, பழைய ரிமோட்டிலிருந்து விழுந்த பொத்தான் பற்றரி எல்லாம் கண்ணில் பட்டது. அந்தப் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும் என்று மிஸ்ஸி சொன்னார்.

வாளியில் தண்ணி வைக்காதீர்கள். ஒரு சாண் கூட வேண்டாம், தலை குப்புற விழுந்த பிள்ளைக்கு எழும்பத் தெரியாது. எங்களிடம் பாவித்து முடிந்ததும் வாளி கவிழ்ந்துதான் இருக்கும். பீப்பாய்க்கு மூடி, மூடிக்கு மேலே கல். சேலைத் தொட்டில் பிள்ளை புரளும்வரைதான். புரள ஆரம்பித்தால் தரையில் பாய். பாட்டிமார் கோபித்தால் கோபிக்கட்டும். கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி போட்டு அனுப்புவார்கள், அதையும் கழற்றிப் பத்திரமாகத் தாயிடம் கொடுத்துவிடுவேன். கழுத்தை இறுக்கினால் பஞ்சாயுதம் காப்பாற்றாது.

எரியும் அடுப்பு ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பயம் எல்லாம் தேத்தண்ணிக் கோப்பைக்குத்தான். மேசைத் துணியை இழுக்கும், கோப்பை தலையில். ஊற்றிக் கால் மணித்தியாலம் ஆன தேத்தண்ணியும் சின்னத் தோலைச் சுடும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் தேத்தண்ணி குடிக்கக்கூடாது, இது என் காம்பராச் சட்டம். சுட்டுவிட்டால் பற்பசை, முட்டை, கறிமஞ்சள் ஒன்றும் பூச வேண்டாம். பீலித் தண்ணியில் இருபது நிமிடம் பிடியுங்கள், அப்புறம் துணியால் மற்ற இடத்தைப் போர்த்துங்கள், மலைக் குளிரில் உடம்பு விறைத்துவிடும்.

உங்கள் மாமியைப் பற்றி. வயதானவர்கள் ஏன் தேத்தண்ணி கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? முன்பு தாய்மார் காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்விட்டால் பிள்ளை அழும். பால் வாங்கக் காசில்லை, தேத்தண்ணி மட்டும் எப்போதும் சூடாக இருக்கும். இப்போது சட்டப்படி பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தாய் வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க வரலாம், பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம். மலை தூரமாக இருந்தால் வருவதற்கே அந்த நேரம் போய்விடும், அது வேறு கதை. உங்களைப் போல ஒரு நாளும் வர முடியாதவர்கள் பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகலாம். நம் குளிரில் வெளியே நாலு மணித்தியாலம் இருக்கும், பிரிட்ஜில் நாலு நாள். மாமியிடம் "கொடுக்காதீங்க" என்று சொல்லாதீர்கள். அழும்போது கொடுக்க அவர் கையில் வேறு ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள்.


கொட்டகலை_டீச்சர்
அடுத்த வாரம், வெள்ளி இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பிளக் மூடி அத்தனையும் குப்பையில். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழைய பொயின்ட் இரண்டை மாற்றினார், பெட்டி மூடியின் விலையை நான் இன்னும் கேட்கவில்லை. ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமத்தினால் விழவில்லை. வயர்மேன் அண்ணா, அதைப் பார்க்க நீங்கள்தான் வர வேண்டும்.

நான்கு காலில் போனேன். அலுமாரிக்கு அடியில் கல்யாணத்தன்று தொலைந்த மெட்டி கிடைத்தது. கூடவே எலி மருந்து வில்லை ஒன்று. அதை யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அரைக்கதவு ஒருவழியாக முடிந்தது. இடைவெளி அளவு சொன்னபடி. ஆனால் கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரிப் பூட்டியதால், பிள்ளை அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் நாங்கள் வெளியே நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

அப்புறம் மாமி. ஆயம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன், வேறு யாருக்கோ வாசிப்பது போல. பெரட்டு, கைக்குழந்தை, தேத்தண்ணி என்று வந்த இடத்தில் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "உன் புருஷனை விட்டுட்டுப் போனப்ப அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "நான் குடுக்கிறது தேத்தண்ணி இல்ல. சுடுதண்ணியில நிறத்துக்குக் கொஞ்சம் தேயிலைச் சாயம்" என்றார். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு! மறுநாள் காலையில் கறந்த பாலை இரண்டு சின்னப் போத்தலில் அடைத்துப் பிரிட்ஜில் வைத்தேன், மாமி கண்ணெதிரே. சாயம் பிடித்த போத்தலை அவரே எறிந்தார்.

சாப்பாட்டு விஷயத்தில் தோற்றது நான். மிக்ஸியை எடுத்து மேலே வைத்துவிட்டு, குக்கரில் வெந்த பருப்பைக் கரண்டியால் மசித்துக் கொடுத்தேன். துப்பினாள். நாலு நாள் அதே கதைதான். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், மாமி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் சாப்பிடும் கோப்பையிலிருந்தே சோற்றையும் பருப்பையும் விரலால் நசுக்கி உருட்டி வாயில் வைக்கிறார், இவள் அடுத்ததற்கு வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள். உப்புப் போட்ட சோறா என்று கேட்டேன். "உன் மிஸ்ஸி சொன்னதுதான். ரெண்டு நாளா எனக்கும் உப்பில்லாமத்தான் தின்னுறேன்" என்றார்.


பெரிய_மிஸ்ஸி
வெள்ளி இரவு 10.40

மாமிக்கு உப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? பிள்ளைக்கு எடுத்துவிட்டு அவர் கோப்பையில் போட்டுக்கொள்ளச் சொல். கை கழுவிவிட்டு உருட்டச் சொல்லு. நாளைக்கு அதிலேயே முட்டை மஞ்சள் கருவை நசுக்கிச் சேர்க்கலாம். அந்த எலி மருந்தைக் கையால் தொட்டிருந்தால் நீயும் கையைக் கழுவு.


மஸ்கெலியா_மூன்று_பிள்ளை
வெள்ளி இரவு 10.55

மாமியை எங்கள் வீட்டுக்கும் ஒரு வாரம் அனுப்பு தங்கச்சி. மூன்றாவது இன்னும் போஞ்சியைத் துப்புகிறான்.


டிக்கோயா_வயர்மேன்
சனி காலை 6.30

டீச்சர், ட்ரிப் சுவிட்ச் விழாவிட்டால் அப்படியே விடக்கூடாது. ஞாயிறு வருகிறேன். கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம், பிணைச்சல் இரண்டு வாங்கி வையுங்கள், மூன்று அங்குலம். எத்தனை மணிக்கு வரட்டும்?


கொட்டகலை_டீச்சர்
சனி காலை 7.10

பத்தரைக்குப் பிறகு வாருங்கள் அண்ணா. அதுவரை தூங்குவாள், துளை போடுகிற சத்தத்தில் எழும்பினால் மாமி உங்களைத்தான் ஏசுவார்.